ஆள் ஏறினால் வராத சத்தம்

ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரத்துப் பக்கமிருந்து ‘டொங்’ என்று ஒரு சத்தம். அடியில் யாரோ முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவதுபோல. அவன் தனியாக ஓட்டினால் மட்டும்தான் வரும்.

மனைவி இறந்த பிறகு அவன் பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டினான். அதனால் சத்தம் அவனுக்கு எப்போதும் இருந்தது. அவனுக்குத் தெரிந்து மற்றவர்களுக்கு இருந்ததே இல்லை.

மகள் மாமனார் வீட்டில் இருந்தாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் பேச்சு. அந்தக் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போக வந்தவன், ஸ்டியரிங்கில் ஏதோ சத்தம் வருகிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினார். தெருவைச் சுற்றி வந்தார்கள். கார் பூனை மாதிரி போனது.

“எங்க மாப்பிள்ள சத்தம்?”

“இப்ப வரல மாமா.”

“ராத்திரி ஒழுங்கா தூங்குறீங்களா?”

அவன் ரோட்டைப் பார்த்தான்.

“பாப்பா இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்” என்றார் மாமனார், இறங்கும்போது. “உங்களுக்கு மனசு தெளியட்டும். இல்லாத சத்தமெல்லாம் கேக்குற நேரத்துல கொழந்தைய எப்படி விடுறது?”

திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பான். அவர் பரிவாகச் சொல்லிவிட்டார்.

பட்டறைக்காரரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து நோய் சொல்லுவார். கனத்த உடம்பு. எந்தக் காரையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஓடவிட்டுக் கேட்டுத்தான் பார்ப்பார். அவன் காரிலும் ஏறி உட்கார்ந்தார். சத்தம் வரவில்லை. ஸ்டியரிங் ஆயிலைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், நட்டுகளை முடுக்கினார். மறுபடி ஏறினார். வரவில்லை.

“என்னைக் கண்டாலே அடங்கிப்போகுது சார் உங்க வண்டி. இந்த வித்தைய என் பொண்டாட்டிக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுக்கச் சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் எதிரில் நிற்பது யார் என்று அவருக்கு உறைத்தது. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பரவால்ல” என்றான் அவன்.

அந்த வாரம் குடிதண்ணீர் கேன் ஒன்று வாங்கி முன் சீட்டில் வைத்து ஓட்டி வந்தான். வழி நெடுக ஒரு சத்தமும் இல்லை. வீட்டு வாசலில் கேனை இறக்கி வைத்துவிட்டு, காரைச் சரியாக நிறுத்தத் திருப்பினான். டொங். அப்படியே உட்கார்ந்திருந்தான். இறங்கிப் போய்க் கேனைத் தூக்கி சீட்டில் வைத்துத் திருப்பினான். இல்லை. இறக்கினான். டொங். ஏற்றினான். இல்லை. மாடியில் துணி காயப்போட வந்த எதிர்வீட்டு அம்மா கயிற்றைப் பிடித்தபடி நின்று அவனையே பார்த்தாள். மாமனார் பார்த்திருந்தால் முடிவே கட்டியிருப்பார்.

மறுநாள் பட்டறையில் டாக்டர் வழக்கம்போலக் கதவைத் திறந்தார்.

“நீங்க ஏறாதீங்க.”

“பின்ன? வண்டி பின்னாடி ஓடி வரட்டா?”

“முன்னாடி பாரம் இருந்தா வராது. உங்க பாரம் போதாதா?”

டாக்டர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். பிறகு காலி சீட்டுப் பக்கத்துச் சக்கரத்தருகே மண்டிபோட்டு, உள்ளே கையை விட்டு, ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவா திருப்புங்க. இன்னும். நல்லா ஒடிங்க.”

டொங்.

“அட, கையிலயே குதிக்குதே” என்றார் டாக்டர்.

ஸ்பிரிங்கின் தலைமாட்டில் இருந்த ரப்பர் கிழிந்து, அதற்கு மேலிருந்த பேரிங் இறுகிப்போயிருந்தது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுழல வேண்டிய ஸ்பிரிங் சிக்கி முறுக்கிக்கொண்டு, பிறகு விடுபட்டுத் துள்ளியது. மேலே ஆள் உட்கார்ந்தால் அமுங்கி, இடத்தில் பதிந்துகொள்ளும். இரண்டையும் புதிதாக மாற்றினார். சக்கரம் நேராக நிற்கிறதா என்று பார்த்தார்.

“பழச குடுங்க.”

“இத வச்சு என்ன சார் பண்ணப்போறீங்க?”

“ஒருத்தர்கிட்ட காட்டணும்.”

மாமனார் வீட்டு மேசையில் அவன் செய்தித்தாளை விரித்து அதன்மேல் ரப்பரை வைத்தான். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கிழிசலை விரலால் தடவினார்.

“அப்ப அன்னைக்கு நான் உக்காந்ததாலதான் வரலையா?”

“ஆமா மாமா.”

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் தலையைத் தூக்கவில்லை. “நான் பின்னாடி உக்காந்தா கேக்கும், முன்னாடி யாராச்சும் இருந்தா வராது தாத்தா. எனக்குத் தெரியுமே.”

“ஏண்டி நீ சொல்லல?”

“யாரும் கேக்கலையே.”

மாமனார் ரப்பரைச் செய்தித்தாளில் மடித்து வைத்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். இந்த முறை முன் கதவைத் திறக்கவில்லை. பேத்தியைப் பின்னால் ஏற்றி, தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் தெருமுனை வரை போய் ஒடித்துத் திருப்பினான். முன் சீட்டு காலியாக இருந்தது. மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

“சனிக்கிழம வந்து கூட்டிட்டுப் போங்க” என்றார் மாமனார் பின்னாலிருந்து. “துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றேன்.”

அவன் சரி என்றான்.

திரும்பும்போது தனியாகத்தான் வந்தான். வாசலில் இன்ஜினை அணைக்கும் முன் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தான். மறுபக்கமும் ஒடித்தான். சத்தம் வரவில்லை.

பிறகு மேலே போய், பூட்டியே கிடந்த மகளின் அறையைத் திறந்து, மெத்தையைத் தூக்கி உதறினான்.