நன்றியுரை கேட்ட மோட்டார்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடியது. மாடித் தொட்டி நிரம்பி வழியும்வரை ஓடியது. அந்த நேரத்தில் அருப்புக்கோட்டையிலேயே கரண்டு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டு ஒலி முகம்மது மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர் எரிந்துபோன மோட்டாருக்குச் செப்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடைக்காரர். பிளக்கைப் பிடுங்கியவரே அவர்தான். இதை நம்பினால் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான் என்பது அவர் கட்சி.

எல்லாம் என் நாக்கின் மகிமை. நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் ஆண்டு விழாவிலிருந்து மரம் நடுவிழாவரை நன்றியுரை நான்தான். மைக்கைத் தட்டி ‘நன்றி’ என்று ஆரம்பித்தாலே முன்வரிசை எழுந்துவிடும். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பிப்பார். ஒருமுறை வாய்தவறி விழாத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். சிறப்பு விருந்தினர் பேசாமலேயே காரேறிப் பந்தல்குடியைத் தாண்டிவிட்டார்.

ஓய்வு பெற்றபின் யோகா வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் நமக்காக உழைக்கும் சாமான்களுக்குத் தினமும் நன்றி சொல்லுங்கள், மனசு பஞ்சாகும் என்றார் பயிற்சி கொடுத்த அம்மா. பஞ்சு வியாபாரம் நடக்கும் ஊரில் இதைச் சொன்னால் விடுவோமா?

காலையில் மிக்சி முன் நின்று கைகூப்பி, "சட்னி அரைத்துச் சிறப்பித்த அன்பு மிக்சிக்கு மனமார்ந்த நன்றி" என்றேன். மிக்சி நின்றது. தேங்காய் பாதி பல்லாகவே கிடந்தது. மின்விசிறிக்குச் சொன்னேன், அதுவும் நின்றது. ஃபிரிட்ஜ் விளக்கை அணைத்து, கதவைத் தானே திறந்துகொண்டு, உறைந்ததையெல்லாம் தரையில் விட்டது. வாஷிங் மெஷின் வாசல்வரை நடந்தே போய்விட்டது. செருப்பு மாட்டாத குறைதான். ஒலி முகம்மது வந்து எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, வோல்டேஜ் என்றார். நான் வகுப்புக்குக் கிளம்பியதும் எல்லாம் பழையபடி ஓடினவாம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, மகள் பானுப்பிரியாவின் மாமனார் வீட்டார் விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். அம்பாசமுத்திரத்துக்காரர்கள், ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள். போன தடவை சம்பந்தி பூமிநாதன், "ஒங்க ஊர்ல சோறு போட்டுருவிய, கை கழுவத்தான் தண்ணி கெடைக்காது" என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து என் மனைவி சுப்புலட்சுமிக்கு ஒரே வைராக்கியம்: இந்தத் தடவை குழாயைத் திறந்தால் அவர் சட்டை நனைய வேண்டும்.

விருந்துக்கு முதல் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் அதைப் பண்டிகையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும். குழாயில் மோட்டார் வைப்பது சட்டப்படி தப்பு. அதனால் நாங்கள் மோட்டாரில் குழாயை வைத்திருக்கிறோம். சுப்புலட்சுமி சுவிட்சைப் போட்டுவிட்டு, வாயைத் திறக்கக் கூடாது என்று என்னை எச்சரித்தாள். காய்ந்த தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளம் பொங்கிவிட்டது. "நன்றி" என்றேன். பழக்கதோஷத்தில் "வணக்கம்" என்றும் சேர்த்துவிட்டேன்.

மோட்டார் நின்றது. தெருவில் ஓடிய விசைத்தறிகள் எல்லாம் நின்றன. அடுத்த ஊரான பாலவனத்தத்தில் பஸ்ஸே நின்றுவிட்டதாகக் கேள்வி.

ஒலி முகம்மது ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார். கரண்டே இல்லை, வந்தால்தான் ஓடும், அதற்குள் குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்றார்.

"கரண்டு போகல தம்பி" என்றாள் சுப்புலட்சுமி. "இவுக நன்றி வணக்கம் சொன்னாகள்ல, கூட்டம் முடிஞ்சிருச்சுன்னு கெளம்பிருச்சு."

பிறகு மோட்டார் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். எங்களுக்கு வாசலுக்கு வெளியே தமிழ், உள்ளே கன்னடம். நானோ வீட்டுச் சாமான்களிடம் மேடைத் தமிழில் பேசியிருக்கிறேன். அவை என்னை வெளியாள் என்றே நினைத்திருக்கும். அவள் கன்னடத்தில் ஒரு பிடி பிடித்தாள். குடித்த ஆயிலைச் சொல்லிக் காட்டினாள். மானத்தை வாங்கப் பார்க்கிறாயே என்றாள். உன்னை விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டாள். திட்டிக்கொண்டே அதன் முதுகிலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள்.

மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

ஒலி முகம்மது மோட்டாரைப் பார்த்தார். வயரைத் தடவிக்கொண்டே வந்து தன் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். டீக்கடையில் கேட்டவர்களிடம், சார் வாயைத் திறந்தால் புளுகு வண்டி வண்டியாக வரும் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் விருந்துக்கு அவரும் வந்திருந்தார். சாப்பிட்டு எழுந்த பூமிநாதன் குழாயைத் திறந்தார். சட்டை மார்புவரை நனைந்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"லாரித் தண்ணிய வாங்கி ஊத்திட்டு நல்லா கத விடுதிய" என்றார் பூமிநாதன். அவர் வீட்டார் எல்லாரும் சிரித்தார்கள்.

சுப்புலட்சுமி முகம் சுண்டிப்போயிற்று. பாயசக் கரண்டி கையிலேயே நின்றது.

ஒலி முகம்மது இலையை மடித்தார். எழுந்துபோய் நிதானமாகக் கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"மதினி லாரித் தண்ணி வாங்கல. மோட்டாருதான் ஓடுச்சு. பிளக்கு என் கையில இருந்துச்சு."