மூட்டைக்குக் கட்டிய பெல்ட்

கண்ணாயிரத்தின் ரைஸ் மில்லில் வேலை நேரத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. நெல் அரைபடும் இரைச்சலில் கையைக் காட்டித்தான் காரியம் நடக்கும். அன்று காலை மட்டும் மோட்டாரை நிறுத்தச் சொன்னார் கண்ணாயிரம். மெட்ராஸ் பஸ்ஸில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியிருந்தது. அதைத் திறப்பதை ஊரே பார்க்கட்டும் என்று முற்றத்தின் நடுவில் வைக்கச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

எழுபத்திரண்டாம் வருஷம் அது. காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்களே கொஞ்சம் பேர். அவர்களிடமும் அம்பாசிடரோ பியட்டோதான். கண்ணாயிரத்தின் ஒரே மகன் தர்மனிடம் ஜப்பான் கார் இருந்தது. மெட்ராஸில் வெளிநாட்டுத் தூதரகத்தார் ஓட்டிவிட்டு ஏலத்துக்கு விட்டது. ரத்தச் சிவப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கருட சேவைக்கு வந்த கூட்டம் சாமி போன பிறகும் மில் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுப் போயிற்று. தாமலில் ஏர் பிடித்த குடும்பம் டவுனில் தலை நிமிர்ந்து நிற்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம் என்று கண்ணாயிரம் நினைத்தார்.

தர்மனுக்கு அந்தக் கார் கௌரவம் அல்ல, பைத்தியம். சோழவரத்தில் பந்தயம் பார்த்துவிட்டு வந்தவன், இருக்கிற வேகம் போதாதென்று, துறைமுகத்தில் வேலை பார்க்கும் கூட்டாளி மூலம் ஜப்பானிலிருந்தே சாமான் வரவழைத்திருந்தான்.

மெக்கானிக் தேவசகாயம் ஆணியைப் பிடுங்கிப் பலகையைத் தூக்கினான். முதலில் இன்னொரு கார்புரேட்டர் வந்தது. பிறகு உலக்கை கனத்தில் ஒரு சைலன்சர். அதற்குப் பிறகு நாலு குரலில் கூவும் ஹாரன். பாட்டரியில் வைத்து அழுத்திக் காட்டியதும் மில் ஆட்கள் கை தட்டினார்கள்.

"எங்க, இன்னொரு வாட்டி அமுக்கு" என்றார் கண்ணாயிரம். முகமெல்லாம் பூரிப்பு.

பெட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் அகலமான இரண்டு பட்டைகள் சுருண்டு கிடந்தன. நுனியில் எஃகுப் பூட்டு. எதிர்வீட்டு நெசவுக்காரர் ஒருவர் அதை வாங்கி விரலால் நிரடினார்.

"நெசவப் பாருப்பா, இன்னா நெருக்கம்! ஆனை இஸ்தாலும் அறாது போலகீது. இது எதுக்குபா?"

"சீட் பெல்ட்டுண்ணா" என்றான் தர்மன். "ஓட்டறவனும் பக்கத்துல உக்காரறவனும் தோள்லேர்ந்து இடுப்புக்குப் போட்டு மாட்டிக்கணும். வண்டி எங்கனா மோதினா ஆளைத் தூக்கி எறியாது."

"மோதினாவா?" கண்ணாயிரத்தின் புருவம் ஏறியது. "புது சாமானத் தொறக்கற நேரத்துல பேசற பேச்சா இது?"

தர்மன் சிரித்துக்கொண்டே பட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் போய்விட்டான்.

சாமான்கள் எல்லாம் பூட்டியதும் கச்சபேஸ்வரர் கோவில் வாசலில் காருக்குப் பூஜை. பானெட்டில் சந்தனம், குங்குமம், சம்பங்கி மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். உறவுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். கண்ணாயிரத்தின் மனைவி லோகாம்பாளின் தம்பி வீராசாமி, முசரவாக்கத்திலிருந்து தன் அம்பாசிடரில் வந்து இறங்கினான். கட்சியில் பேர் பெற்ற ஆள்; நாக்கில் எப்போதும் உப்பும் காரமும் உண்டு.

தர்மன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். பூட்டு 'டக்'கென்று விழுந்தது. மாலை போட்ட வண்டி, உள்ளே மார்பில் பட்டை கட்டிய பிள்ளை.

வீராசாமி குனிந்து பார்த்தான். "இன்னா மாமா, மாலையும் போட்டு, புள்ளையக் கட்டியும் வெச்சிட்டீங்க? பாடையிலதான் இப்படிக் கட்டுவாங்க. சங்கு ஒண்ணுதான் பாக்கி, அந்த வேலைக்குத்தான் ஹாரன் வெச்சிகீறீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லோகாம்பாள் காதைப் பொத்திக்கொண்டாள். தர்மனுக்கு மாலையிட்டு ஆறு மாதம் ஆகியிருந்த ரேணுகாம்பாள் மட்டும் சிரிக்கவில்லை.

கண்ணாயிரத்தின் முகம் சுண்டிவிட்டது. அவர் ஆயுசில் ஒருவர்கூட அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. அவமானத்தை விழுங்கத் தெரியாத பரம்பரை.

"தேவசகாயம்! அதக் கழட்டு."

"மொதலாளி, சின்னவரு..."

"கழட்டுன்னேன்."

தர்மன் இறங்கி வந்தான். "அப்பா, வேகத்தக் கூட்டியாச்சு. புடிச்சு வெக்கறதுக்கும் ஒண்ணு வேணும்பா. மத்தது எதனா கழட்டச் சொல்லு, கழட்டிடறேன். இது வேணாம்பா."

"எங்கப்பன் கட்டை வண்டியில முரட்டு மாட்டப் பூட்டிக்கினு தாமலுக்கும் ஆற்காட்டுக்கும் போனாரு. கயிறு கட்டிக்கினா உக்காந்தாரு? நம்ம வம்சத்துல வண்டியில ஏறப் பயந்தவன் எவன் இருக்கான்? நாலு பேரு பாடைன்னு சொல்லிச் சிரிக்கறான். எனக்கு மானம் பெரிசு."

நாலு பேர் முன்னால் அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பிள்ளையாகத் தர்மனை அவர் வளர்க்கவில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. தர்மன் வாயை மூடிக்கொண்டான். தேவசகாயம் ஸ்பேனரை எடுத்தான். சிரித்த வீராசாமியே வந்து தோளில் தட்டி, "இப்ப எப்படிகீது பாருங்க, ராஜா கணக்கா!" என்றான். கண்ணாயிரத்துக்கு மானம் திரும்பி வந்தது போல இருந்தது.

கழற்றிய பெல்ட்டுகள் மில் சுவரில் ஆணியில் தொங்கின. சும்மா தொங்குவானேன் என்று கைவண்டிக்காரன் அவற்றை எடுத்து அரிசி மூட்டைகளுக்குக் குறுக்கே போட்டுக் கட்டிக்கொண்டான். நல்ல பட்டைகள். மேடு பள்ளத்தில் வண்டி எப்படிக் குதித்தாலும் ஒரு மூட்டை சரியவில்லை. "இது கூட நல்ல யோசனைதான்டா" என்று கண்ணாயிரமே சொன்னார்.

தை மாதம் தாமலில் அவர்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல். படையல் முடிந்து, ஏரிக்கரை மேல் வெயில் சாயும் நேரத்தில் எல்லாரும் திரும்பினார்கள். பெண்களெல்லாம் வீராசாமியின் அம்பாசிடரில் ஏறிக்கொள்ள, அப்பாவும் மகனும் சிவப்புக் காரில் பின்னால் வந்தார்கள். பெங்களூர் ரோட்டுக்கு வந்ததும் அம்பாசிடர் வேகம் பிடித்தது. வீராசாமி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வா வா என்று சைகை காட்டினான்.

தர்மன் நிதானமாகத்தான் ஓட்டினான். பொங்கல் முடிந்து வரும் மாட்டு வண்டிகள் ரோட்டில் நிறைய. கண்ணாயிரத்துக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாடா, அவன் காட்டிக்கினே போறான், நீ பின்னாலயே போற? ரெண்டு கார்புரேட்டரு எதுக்குடா வெச்ச, பூஜை பண்ணவா?"

"ரோட்டுல வண்டிங்க வருதுப்பா."

"ஹாரன் இருக்குதில்ல? அமுக்கு. முந்து."

நாலு குரலும் ஒன்றாகக் கூவின. கார் அம்பாசிடரைத் தாண்டிப் பாய்ந்தது. கண்ணாயிரம் மீசையை ஒதுக்கிக்கொண்டு மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால், எதிரே வைக்கோல் பாரத்தோடு ரோட்டில் ஏறிய மாட்டு வண்டியை அவர் பார்க்கவில்லை. தர்மன் பார்த்தான். பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தான். மாட்டு வண்டி தப்பியது. கார் சறுக்கிக்கொண்டே போய்ப் புளியமரத்தில் மூக்கை முட்டி நின்றது.

கண்ணாயிரத்தின் பக்கத்துக் கதவு பிளந்து, அவர் ஏரிக் கழனிச் சேற்றில் போய் விழுந்தார். கால் முறிந்தது. தர்மன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு மரத்தடியில் கிடந்தான். ஓடி வந்த ரேணுகாம்பாள் தலையை மடியில் எடுத்தபோது மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வெள்ளை கேட் தாண்டும்போது இல்லை.

மறுநாள் வண்டியைப் பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர் ஆஸ்பத்திரிக்கும் வந்து, கட்டிலில் கிடந்த கண்ணாயிரத்திடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டார். போகும்போது தொப்பியை மாட்டியபடி, "முன்பக்கம்தாங்க நசுங்கியிருக்கு. டிரைவர் சீட்டு அப்படியே கீறல் இல்லாம இருக்கு. ஆள் அதுலயே உக்காந்திருந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், கட்டிலில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். கண்ணாயிரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

கருமாதி வரைக்கும் வந்தவர்களெல்லாம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். விதி. அந்த வார்த்தை கண்ணாயிரத்துக்கு வேண்டியிருந்தது. கால் கட்டோடு முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் அவரும் அதையே திருப்பிச் சொன்னார். விதி என்றால் யார் மேலும் பழி இல்லை. குடும்பத்தின் பேருக்கும் கறை இல்லை.

கருமாதி முடிந்த சில நாளில் வீராசாமி வந்தான். மெதுவாகப் பேச்செடுத்தான்.

"எல்லாம் தலைவிதி மாமா. நம்ம கையில இன்னாகீது? அந்த வண்டி கண்ணெதிர்ல நின்னா அக்காவுக்கும் தாங்காது. நம்ம கந்தன் ரிப்பேர் பண்ணி வெச்சிக்கறேன்னு ஆசப்படறான். வூட்டுப் பொருளு வூட்டோடவே இருக்கட்டுமே."

கந்தன் வீராசாமியின் மகன். தர்மனைவிட மூன்று வயது இளையவன்.

"எடுத்துக்கோ. விதிக்கு வண்டி இன்னா பண்ணும்" என்றார் கண்ணாயிரம்.

அந்த நேரத்தில் கைவண்டி மூட்டைகளோடு முற்றத்தைக் கடந்தது. வீட்டுக்குள் தூணோரம் நின்றிருந்த ரேணுகாம்பாள் வெளியே வந்தாள். தாலி இறங்கிய நாளிலிருந்து அவள் யாரிடமும் பேசியதில்லை. வண்டியை நிறுத்தி, மூட்டைமேல் குறுக்கே கிடந்த சாம்பல் பட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, இது அவரு வாங்கினு வந்ததுதானே?"

கண்ணாயிரம் தலையை ஆட்டினார்.

"அரிசி மூட்டை கீழ வுழக்கூடாதுன்னு கட்டி வெச்சிருக்கீங்க. எம்மாம் பத்திரமா இருக்குது பாருங்க." அவள் குரல் உயரவில்லை, அழவும் இல்லை. "மூட்டைக்குக் கட்டினத ஏன் மாமா அவருக்குக் கட்டக்கூடாதுன்னு சொன்னீங்க?"

வீராசாமி எழுந்து நின்றுவிட்டான். உள்ளே லோகாம்பாளின் அழுகை வெடித்தது. கண்ணாயிரம் மூட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் விதி என்ற வார்த்தைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை, அந்தப் பெண் ஒரே கேள்வியில் எழுப்பிவிட்டாள்.

"வீராசாமி" என்றார் கடைசியில். "வண்டிய எடுத்துக்கினு போ. ஆனா இந்த ரெண்டையும் தேவசகாயத்த வெச்சிப் பூட்டிக்கினு போ. இல்லாம வண்டி இந்த வாசலத் தாண்டக் கூடாது."

"ஆவட்டும் மாமா. நீங்க சொல்லி இன்னாத்த மறுக்கப் போறேன்" என்றான் வீராசாமி.

தேவசகாயம் வண்டியைச் சரிசெய்து, பெல்ட்டுகளைப் பூட்டி, முசரவாக்கத்தில் கொண்டுபோய் விட்டான். மறுநாளே மில்லுக்கு வந்து நின்றான். கையில் இரண்டு பட்டைகளும் சுருண்டிருந்தன.

"மொதலாளி... சாவு வூட்டுப் பொருளாம், உங்க மச்சான் சொல்றாரு. அபசகுனம்னு சொல்லி, வண்டி தெருவுல நொழையறதுக்கு முன்னாலயே கழட்டச் சொல்ட்டாரு. கழட்ட மாட்டேன்னு சொல்லத்தான் பாத்தேன். அன்னிக்கு உங்ககிட்டயும் சொல்லத்தான் பாத்தேன்." அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கண்ணாயிரம் யார் வீட்டு வாசலிலும் போய் நின்று பழக்கமில்லாதவர். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் தெருமுனைக்கு வந்து அழைத்துக்கொண்டு போக வேண்டும். அன்று யாருக்கும் சொல்லியனுப்பாமல், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, டவுன் பஸ் ஏறி முசரவாக்கத்தில் இறங்கினார். அக்குளில் கோல், தோளில் அந்தப் பட்டைகள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

வீராசாமி வீட்டு முன்னால் சிவப்புக் கார் மாலையோடு நின்றது. கந்தன் புதுச் சட்டையில் உள்ளே உட்கார்ந்திருந்தான். பார்க்க ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"கந்தா, எறங்கு. இதப் பூட்டிக்கோ" என்றார் கண்ணாயிரம்.

"ஐயோ மாமா, இன்னா நீங்க! எல்லாரும் பாக்கறாங்க" என்று கந்தன் நெளிந்தான்.

"பாக்கட்டும்டா."

வீராசாமி ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான். "மாமா, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோரு குடிங்க. அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்." பிறகு மகனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். கந்தன் வண்டியைக் கிளப்பினான். தர்மன் ஆசைப்பட்டு வாங்கிய ஹாரன் நாலு குரலில் கூவியது. மாலைப் பூக்கள் தெருவெல்லாம் உதிர, கார் பெங்களூர் ரோட்டில் ஏறித் தாமல் பக்கம் திரும்பியது.

கண்ணாயிரம் வீராசாமியின் கையை உதறினார். கூட்டத்தில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் செருமினான். அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"சிரிடா. நல்லாச் சிரி. அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சாங்க. அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் எம் புள்ளையக் கொன்னேன். விதின்னு சொன்னேனே, பொய். மரமும் கொல்லல, மாட்டு வண்டியும் கொல்லல. என் வெட்டி கௌரவம் கொன்னுச்சு." ஹாரன் சத்தம் ஏரிப் பக்கமிருந்து மெலிதாக இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த பட்டைகளை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வேகமாப் போறதுக்கு எவனும் வெக்கப்படறதில்ல. உசுரக் காப்பாத்திக்கறதுக்கு மட்டும் நாம வெக்கப்படறோம். அந்த வெக்கத்த வுடாத வரைக்கும், நம்ம ஜனங்க புள்ளைங்களப் பெத்துப் பெத்து ரோட்டுக்குத்தான்டா குடுத்துக்கினு இருக்கணும்."