வாதி ஹாஜர்

அப்பாவுக்கு வக்கீல்கள் என்றாலே எரிச்சல். ராணுவக் கணக்குத் துறையில் ஆயுள் முழுக்கக் கோப்பு எழுதியவர். தன் வழக்கை எழுத இன்னொருத்தன் எதற்கு என்ற கர்வம். வானவடியில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டை பில்டர் இன்னொருவருக்கும் விற்றிருந்தான். எங்களைக் காலி செய்ய வைக்கக் கூடாது என்று தடை வாங்கி, சிவாஜிநகர் கோர்ட்டில் அப்பா தானே வாதாடிக்கொண்டிருந்தார். தீர்ப்பைப் பார்க்காமலே மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு வாய்தாக்களுக்கு அம்மா போனாள். "நான் பாத்துக்கறேன், நீ ஆபீசைப் பாரு" என்றாள். ஹடப்சரில் எனக்கு ஆளை விழுங்குகிற வேலை. நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் வாய்தா நாள்களில் வீட்டுக்குள் நுழையவே பிடிக்காது. அப்பாவின் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு நாற்காலியில் தொங்கும். அம்மாவின் முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்தது போல் இருக்கும். மேஜையில் இரண்டு டம்ளர் காபி, ஒன்று தொடாமல் ஆறிக் கிடக்கும். கேட்கப் பயந்தேன்.

ஜூலை வாய்தாவுக்கு லீவு போட்டுக் கூடவே போனேன். கோர்ட் டவாலி வாசலில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லி "சந்திரமௌலி!" என்று கத்தியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா எழுந்து நின்றாள்.

"ஹாஜர்" என்றாள்.

பில்டரின் வக்கீல் அம்மாவைக் காகு, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவையும் காகா எப்படி இருக்கிறார் என்று மராத்தியில் அப்பாவை விசாரிப்பாராம். நன்றாக இருக்கிறார் என்று அம்மாவும் சொல்லி வந்திருக்கிறாள். அந்தப் புண்ணியவான் அன்று பையிலிருந்து எடுத்து நீட்டியது அப்பாவின் மரணச் சான்றிதழ். மூன்று மாதத்துக்குள் வாரிசுகள் தங்களைச் சேர்க்கச் சொல்லி மனுப் போடவில்லை, ஆகவே வழக்கு தானாகவே முடிந்துபோனது என்றார். வழக்கோடு தடையும் போயிற்று.

நீதிபதி அம்மாவின் பக்கம் திரும்பினார். வழக்குக்கு உயிர் கொடுக்க மனுப் போடலாம், அதற்கும் இரண்டு மாதம்தான் கெடு, தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றார்.

படிக்கட்டில் வைத்துக் கத்தினேன். "அப்பா இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமேம்மா! வீடே போகப் போறது. என்ன காரணம்னு எழுதறது?"

"பாங்குல பேரை எடுத்துட்டா. ரேஷன் கார்டுல எடுத்துட்டா. நீயே உன் போன்லேர்ந்து எடுத்துட்டே" என்றாள் அம்மா. "இங்க ஒரு இடத்துலதாண்டி அப்பாவை இன்னும் கூப்பிடறா. சொன்னா இவாளும் நிறுத்திடுவாளே."

அவர் நம்பரை நான் அழித்தது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மனுவை எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். 'என் கணவர் இறந்துவிட்டார்' என்ற வரியைப் படித்ததும் பேனாவை மூடினாள். நாளைக்குப் போடறேன் என்றாள். தினமும் நாளைக்கு என்றாள். மகளும் வாரிசுதான் என்பதால் கெடுவின் கடைசி நாளில் வேறு மனு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். காரணம் கேட்ட இடத்தில் துக்கம் என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

"வீடு பிழைச்சாலும் பிழைக்கும்மா" என்றேன், மனுவைக் கோர்ட்டில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து.

"இனிமே அங்க யாரைக் கூப்பிடுவா?"

"நம்ம ரெண்டு பேரையும்."

அம்மா வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள். "அப்ப நீ மட்டும் போயிட்டு வா" என்றாள்.