ஐந்தாவது ஆள்

என் நாத்தனார் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு சின்னப் படத்தில் நர்ஸாகவே நடித்தாள். ஒரு காட்சி, ஒரு வசனம். அதைப் பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு மாதமாகத் தவம் கிடந்தாள்.

ஊரிலிருந்த நாலு தியேட்டரையும் ஒரே கம்பெனி வாங்கி, ஒரே கட்டடத்தில் ஒன்பது திரையாக அடுக்கியிருந்தது. எட்டில் ஒரே படம். மிச்சமிருந்த ஒன்றில் இவள் படம், அன்று ஒரு நாள், காலை பதினொன்றுக்கு மட்டும். அதற்கும் ஐந்து பேர் சேராவிட்டால் காட்சி ரத்தாம். அவள், அவள் அண்ணனான என் வீட்டுக்காரர், நான், மூன்றே பேர் வந்திருந்தோம்.

வேண்டுமானால் பெரிய படத்துக்கு மாற்றித் தருகிறேன் என்றாள் கவுண்டரில் இருந்த பெண். எட்டு ரூமில் காட்டுவது போதாதா என்று கேட்டேன். எது ஓட வேண்டும் என்று தலைமை அலுவலகம்தான் சொல்லும், தன் கையில் ஒன்றுமில்லை என்றாள் பாவம். நாத்தனார் கைப்பையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது மூன்றாம் நம்பர் கதவிலிருந்து ஒரு தாய் அலறும் குழந்தையோடு வெளியே வந்தாள். உள்ளே ஒரே வெடிச்சத்தமாம். நாத்தனார் குழந்தையை வாங்கித் தோளில் போட்டு இரண்டு தட்டுத் தட்டினாள். கப்சிப். எங்கள் படத்தில் சண்டையே கிடையாது என்று சொன்னதும், அந்தத் தாய் டிக்கெட்டை மாற்றிக்கொண்டாள். நாலு பேர். குழந்தையைச் சேர்த்தால் ஐந்துதானே என்றார் என் வீட்டுக்காரர். குழந்தைக்குக் கணக்கில்லையாம்.

பக்கத்து பெஞ்சில் ஒருவர் சிரித்தார். பஸ் டிரைவர், அன்று விடுமுறை.

"போன மூணு லீவுக்கும் இங்கதாங்க வந்தேன். எந்தக் கதவத் தொறந்தாலும் அதே ஆளு அதே ரவுடியத்தான் அடிக்கிறான். உங்க படத்துல யாரு?"

"நான்தான்," என்றாள் நாத்தனார். "ஊசி போடுவேன்."

"அப்ப வரேன் சிஸ்டர். அடி வாங்கறதுக்கு ஊசி தேவலாம்."

ஐந்து பேருக்காக விளக்கு அணைந்தது. குழந்தை நாத்தனார் மடியிலேயே தூங்கிப்போனது. முக்கால் மணி நேரம் கழித்துத் திரையில் வெள்ளை உடுப்பில், ஊசியோடு ஒரு நோயாளியிடம் வந்தாள். "கண்ண மூடிக்கங்க, முடிஞ்சுடும்" என்றாள். அவ்வளவுதான்.

நான் கை தட்டப் போனேன். "அண்ணி, புள்ள தூங்குது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் டிரைவர் எழுந்து, சத்தமில்லாமல் இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினார். தாயும் ஆட்டினாள். அவள் அண்ணன் சோளப்பொரிப் பொட்டலத்தோடு ஆட்டியதில் பாதி என் தலையில் கொட்டியது.

"படத்துல என் கை நடுங்கலையே அண்ணி?" என்று காதோரம் கேட்டாள்.

"உனக்கா? அந்த நோயாளிக்குத்தான் நடுங்கிச்சு."

படம் முடியும்வரை என் கையை அவள் விடவில்லை.