தாடிக்காரனுக்கு ஒரு ஓட்டு

தேர்தல் நாளில்கூட வரிசையில் நிற்க அலுத்துக்கொள்ளும் சாவியோ, ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரர் விருதுக்காக ராயபுரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். லோரென்சோ என்ற கோலடிக்கும் வீரன் மேல் அவனுக்குப் பைத்தியம். இந்த முறை ரசிகர்களும் ஓட்டுப் போடலாம் என்று முன்கூட்டியே இணையத்தில் வாக்குப்பதிவைத் திறந்திருந்தார்கள். ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. ஆரம்பத்திலேயே முந்திவிட்டால் மற்றவர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்பது அவன் எண்ணம்.

அவன் மனைவி சில்வியா, கல்யாணத்துக்கு முன் ரயில்வே அணியின் கோல்கீப்பர். அவளுக்குப் பிடித்தவன் ஹென்ரிக், அவனும் கோல்கீப்பர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் குடியிருப்பு வாசலில் கூட்டம் சேர்ந்தது. சில்வியா பஜ்ஜி சுட, சாவியோ டீ ஊற்றியபடியே வகுப்பெடுத்தான்.

"பேரெல்லாம் இங்கிலீஷ்ல கீது, கண்டுக்காதீங்க. தாடி வெச்சினு ஒர்த்தன் கீறான் பாரு, அவன் மேல அமுக்குங்க."

சில்வியா அந்தப் பக்கத்தை முந்தின நாளே பார்த்திருந்தாள். லோரென்சோவுக்குத் தாடி இல்லாத பழைய படத்தைப் போட்டிருந்தார்கள். தாடியோடு இருந்தவன் ஹென்ரிக் மட்டும்தான். அவளோ இன்னொரு வாழைக்காயைச் சீவினாள்.

"இவனா நைனா? மூஞ்சி லட்சணமா கீது" என்றாள் மீன் விற்கும் கன்னியம்மா.

"அவனேதான்க்கா, அமுக்கு!" என்றான் சாவியோ, டீயிலிருந்து கண்ணை எடுக்காமல். கடைசியாகத் தன் போனை வெயிலில் உயர்த்திப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, அவனும் அமுக்கினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

இரண்டு நாளில் ஊர்வாரியான நிலவரம் வெளியானது. சென்னையில் அதுவரை வேறு யாரும் அவ்வளவாக ஓட்டுப் போடவில்லை போலும், முதலிடத்தில் ஹென்ரிக்.

"மாமு, உன் ஏரியாவுல லோரென்சோவுக்கு டெபாசிட்டே காலியாமே!" என்று கூட வேலை செய்யும் பரசுராமன் துறைமுகம் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

சாவியோ கொதித்துப்போய் வீட்டுக்கு வந்தான். சில்வியாவின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"தெரிஞ்சேதான் பஜ்ஜி சுட்டுனு இருந்தியா?"

"தாடின்னு சொன்னது யாரு? நானா?"

"போவட்டும். என் ஓட்டாவது லோரென்சோவுக்குத்தான் வுழுந்துக்கீது."

"போனக் காட்டு."

வாக்களித்ததற்கு நன்றி சொல்லி ஒரு செய்தி வந்திருந்தது. அதில் இருந்த பெயர் ஹென்ரிக்.

சாவியோ நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"கோலு வுட்டாத்தான் கீப்பர ஊருக்குத் தெரியும். ஒரு தபா அவனும் ஜெயிக்கட்டுமே" என்றாள் அவள்.

"நீ ஆடறப்போ நா வந்து வந்து பாத்தனே!"

"பாத்த. நா கோலு வுட்டப்போ விசிலும் அடிச்ச."

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கடைசியில் விருது இருவருக்குமே இல்லை. இவர்கள் நினைத்தும் பார்க்காத ஒரு நடுக்கள ஆட்டக்காரன் தட்டிக்கொண்டு போனான். காலையில் செய்தியைப் பார்த்துப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே குரலில் அவனைத் திட்டினார்கள்.

மீன் கூடையோடு வந்த கன்னியம்மாவின் முகம் வாடிவிட்டது.

"வுடு நைனா. அடுத்த வருசம் மொதல்லயே சொல்லு, மார்க்கெட்டு பூராவையும் அமுக்க வெக்கறேன்."

"யாருக்குக்கா?" என்றான் சாவியோ அவசரமாக.

"நீ சொன்னியே, அந்தத் தாடிக்காரனுக்குத்தான்."

சில்வியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.