மூன்று கிட்னிக்காரரின் நோன்பு

மைதீன் பிச்சையின் உடம்பில் மூன்று கிட்னி இருந்தது. பழுதாகிப்போன சொந்தக் கிட்னி இரண்டையும் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டு, தங்கை மைமூன் கொடுத்ததை அடிவயிற்றில் வைத்துத் தைத்திருந்தார்கள். வேலை பார்ப்பதென்னவோ அவளுடைய ஒன்றுதான். மூன்று வைத்திருப்பவர் ராஜபாளையத்துச் செருப்புக்கடையில் உட்கார்ந்து ரமலான் பகலில் டீ குடிக்க, ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடும்பம் நடத்துகிறவள் ஒரு நோன்பு விடாமல் பிடிக்கிறாள். இதுதான் அவருக்கு மானப் பிரச்சினை.

மதுரை டாக்டர் நோன்பு கூடவே கூடாது என்றிருந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், நோயாளிக்குக் கடமை இல்லை, ஏழைக்குச் சோறு கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். படித்த இரண்டு பேர் சொன்னது காதில் ஏறவில்லை. பக்கத்து சைக்கிள் கடை ஆண்டிச்சாமி சொன்னதுதான் ஏறியது. போன வருஷ நோன்பில் ஒரு நாள், இவர் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன பாய், நோம்பெல்லாம் உங்க வீட்டுப் பொம்பளையளுக்கு மட்டுந்தானா?" என்று அவர் சும்மா சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டவர் அப்போதே மறந்திருப்பார். இவர் ஒரு வருஷம் அதை நெஞ்சில் வைத்துப் புழுங்கினார்.

1995 ரமலானுக்குப் பிறை தெரிந்ததும், டாக்டரே சம்மதித்துவிட்டார் என்று மனைவி மெகராஜ் பேகத்திடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டு நோன்பு பிடிக்க ஆரம்பித்தார்.

மாற்றுக் கிட்னியை உடம்பு ஏற்றுக்கொள்வதற்கான மாத்திரைகள் சாதுவானவை அல்ல, வயிற்றைப் புண்ணாக்கிவிடும். அதனால்தான் டாக்டர் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட வயிற்றுக்கென்று தனி மாத்திரை கொடுத்திருந்தார். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. நெஞ்செரிச்சலுக்கு வெள்ளை மருந்து குடித்தால், அதற்கும் மற்ற மாத்திரைகளுக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இவ்வளவும் அவருக்கு மனப்பாடம். ஆனால் விடியுமுன் சகர் நேரத்தில் அரைத்தூக்கத்தில் எழுந்து சோற்றை அள்ளிப் போட்டு, பாங்கு சொல்வதற்குள் எல்லா மாத்திரையையும் ஒரே வாயில் விழுங்கி, தொழுதுவிட்டு வந்து படுக்கிறவர் எந்த இடைவெளியைக் கண்டார்? படுத்த கொஞ்ச நேரத்தில் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி வரும். எழுந்து உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொள்வார்.

வெள்ளை மருந்தை மாத்திரைகளோடு சேர்த்தே குடித்துப் பார்த்தார். அடங்கவில்லை. சாயங்காலம் நோன்புக் கஞ்சியும் வடையும் உள்ளே போனதும் மறுபடி எரிந்தது. எரிய வைப்பது மாற்றுக் கிட்னிக்காகக் காலையில் போடும் ஸ்டீராய்டு மாத்திரைதான் என்று தானே ஒரு தீர்ப்பு எழுதி அதை நிறுத்திவிட்டார். எரிச்சல் கொஞ்சம் மட்டுப்பட்டது. தம் மருத்துவத் திறமையைத் தாமே மெச்சிக்கொண்டார்.

பெருநாளுக்குச் சில நாள் இருக்கையில், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செருப்பு எடுக்க மைமூன் கடைக்கு வந்தாள். அண்ணன் முகம் உப்பியிருந்தது. கால் வீங்கிச் செருப்பு வார் தோலில் பதிந்திருந்தது. அவள் செருப்பு எடுக்கவில்லை. பிள்ளைகளை மெகராஜிடம் விட்டுவிட்டு, மறுநாள் காலையிலேயே அவரை மதுரைக்குப் பஸ் ஏற்றிவிட்டாள். கூடவே தானும் ஏறினாள்.

ரத்தம் சோதித்த டாக்டரின் முகம் சரியில்லை. கிரியேட்டினின் ஏறியிருந்தது. ஏதாவது மாத்திரையை நிறுத்தினீர்களா என்று கேட்டார். பக்கத்தில் நோன்போடு உட்கார்ந்திருக்கும் தங்கையை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? ஒன்றைக்கூட விடவில்லை என்றார் மைதீன் பிச்சை. அப்படியானால் வைத்த கிட்னியை உடம்பு தள்ளுகிறது போலிருக்கிறது, ஊசி விட்டு அதிலிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதத் தொடங்கினார்.

மைமூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். குடுக்கதுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு மூணு தடவ நீர்க்கடுப்பு வந்துச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. சொன்னா என் கிட்னி வேண்டாம்னுருவாகளோன்னு பயம். நல்லதில்லாததக் குடுத்து எங்கண்ணனக் கெடுத்துட்டேன் போலுக்கு."

அதெல்லாம் இல்லம்மா, எல்லாம் சோதித்துத்தானே எடுத்தோம் என்றார் டாக்டர். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தலையைக் குனிந்து, திருடி அகப்பட்டவள் போல உட்கார்ந்திருந்தாள்.

மைதீன் பிச்சைக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆண்டிச்சாமி முன்னால் பட்டதெல்லாம் ஒரு வெட்கமா? இதற்கு முன்னால் அது தூசு. இன்னும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவள் இந்தப் பழியைச் சாகும்வரை சுமப்பாள் என்பது தெரிந்ததும்தான் அவருக்கு வாய் திறந்தது.

"அவ மேல ஒண்ணுமில்ல டாக்டர். நான்தான் நோம்பு பிடிச்சேன். நெஞ்சு எரிஞ்சுச்சுன்னு மாத்திரைய நிறுத்திட்டேன். வெள்ள மருந்தையும் எல்லாத்தோடயும் சேத்துக் குடிச்சேன்."

டாக்டர் திட்டினார், நன்றாகவே திட்டினார். எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டு, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். இப்போதே ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும், ஊசி மருந்து ஏற்றிப் பார்ப்போம், காப்பாற்றிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அவ்வளவு நேரமும் மைமூன் அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை.

வார்டில் படுக்கை கிடைத்தது. நர்ஸ் வயிற்று மாத்திரையைக் கொடுத்து, அரைமணி கழித்துச் சாப்பிட்டுவிட்டு மற்றதைப் போடச் சொன்னாள். மைமூன் இறங்கிப் போய் கேன்டீனில் இட்லி வாங்கி வந்தாள். நோன்பு வாயோடு பொட்டலத்தைப் பிரித்து, சாம்பாரை ஊற்றி அவர் மடியில் வைத்தாள். மைதீன் பிச்சை சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்து முதல் வாயைப் பிட்டார்.

அவள் எழுந்து ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர் ஓரமாகப் போட்டு, அவருக்கு நேரெதிரே உட்கார்ந்தாள்.

"எம் மூஞ்சியப் பாத்துச் சாப்பிடுண்ணே," என்றாள்.

நான்கு இட்லியையும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவர் சாப்பிட்டு முடித்தார்.