பேனை பிடித்த கை

பேனை வலக்கையில் இருந்ததால், ஷிஃபானா இடக்கையைத் தூக்கி விரல்களை மடக்கிப் பார்த்தாள். பெருவிரல் மேசையைக் காட்டியது. ‘கீழ்நோக்கி’ என்று எழுதினாள்.

பரீட்சை மேற்பார்வைக்குப் பக்கத்தில் நின்ற கஜந்தி அந்த இடக்கையையே பார்த்தாள். கேள்வி காவிகளை, அதாவது திசையுள்ள வெக்டர்களைப் பற்றியது. முதற் காவியின் பக்கம் விரல்களை நீட்டி, இரண்டாவதன் பக்கம் மடக்க வேண்டும். பெருவிரல் நிற்கிற பக்கம்தான் குறுக்குப் பெருக்கத்தின் திசை. ஆனால் வலக்கையால் செய்ய வேண்டும். இடக்கையால் செய்தால் விடை தலைகீழாகிவிடும், அதோடு கேள்வி முழுவதும் போய்விடும். எழுதுகிற கையில் பேனை இருக்க, அவசரத்தில் மற்றக் கையைத் தூக்குகிற பிழை. கஜந்தியும் ஒருகாலத்தில் அந்தப் பிழையை விட்டவள்தான். கணிதத்தில் பட்டம் எடுத்தவள், இப்போது கந்தோர் ஒன்றில் கோப்புக் கட்டுகிறாள். பாலையூற்றில் வாடகை அறை. வெள்ளி பின்னேரம் கந்தோர் பூட்டினால் திங்கள் வரைக்கும் அவளோடு கதைக்க ஒருவரும் இல்லை. சனிக்கிழமைகளில் இந்த வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு வருவதே நாலு முகம் பார்க்கத்தான்.

காலையில் வாசலில் ஷிஃபானா சொன்னது காதுக்குள் நின்றது. “இது மூணாந்தரம் மிஸ். இனி எழுத விடமாட்டாங்க. கிண்ணியாவில பிள்ளைய உம்மாக்கிட்ட விட்டுப்போட்டு வந்தனான்.”

சொன்னால் களவு. மண்டபத்தில் குனிந்து எழுதுகிற மற்ற முப்பது பேருக்கும் செய்கிற துரோகம். சொல்லாமல் விலகிப் போகவும் கால் வரவில்லை. கோணேசப் பெருமானே, நான் ஏன் இதைப் பார்த்தேன்?

“என்ன பிள்ளை, அதிலேயே நங்கூரம் போட்டிட்டீர்?” தலைமை மேற்பார்வையாளர் தவராசா தாழ்ந்த குரலில் சிரித்தார். “துறைமுகம் அங்கால எல்லோ கிடக்கு!”

“இல்லை சேர்... நூல் குடுக்கட்டே?”

“அரை மணித்தியாலம்தானே கிடக்கு. குடும், குடும்.”

விடைத்தாள் கட்டுகிற நூலை எப்போதும் முதல் வரிசையில் இருந்துதான் கொடுப்பாள். இன்று ஷிஃபானாவில் தொடங்கினாள். எல்லோருக்கும் உரிய நூல்தான். ஆனாலும், கிண்ணியாவிலும் சரி, பாலையூற்றிலும் சரி, யாரும் இடக்கையால் ஒன்றை வாங்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஷிஃபானா பேனையை மேசையில் வைத்துவிட்டு வலக்கையை நீட்டினாள்.

“தேங்ஸ் மிஸ்.”

இந்தக் கிழமை கஜந்திக்குக் கிடைத்த முதல் நன்றி அது. அதை வாங்கிக்கொள்ளத் தனக்குத் தகுதி உண்டோ என்று அவளுக்குத் தெரியவில்லை.

நூலை மேசையில் வைத்த பிறகும் ஷிஃபானாவின் வலக்கை வெறுமையாகக் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. விரல்கள் ஒருதரம் அசைந்தன. அதற்கு மேல் பார்க்கத் தனக்கு உரிமையில்லை என்று கஜந்தி திரும்பிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் பேனை காகிதத்தில் ஒரு கோடு இழுக்கிற சத்தம் கேட்டது. எழுதின விடையை வெட்டிய கோடோ, அடுத்த கேள்விக்கு மேலே போட்ட கோடோ, சத்தத்தை வைத்துச் சொல்ல ஏலாது.

அடுத்த மேசைக்காரர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.